செல்லாத நோட்டும் தீராத கடனும்

அறிவியல் புனைகதைகளையும் மிகைபுனைவுகளையும் தொடர்ந்து வாசித்துவருகிற எங்களுக்கு நெடுநாளாக ஒரு குறை இருந்தது. விண்கலம் ஒளியின் வேகத்தை எவ்வாறு எட்டுகிறது என்று பத்துப் பக்கம் விளக்குகிற ஆசிரியர், அந்தக் கலத்தின் தளத்தைத் துடைப்பவனுக்குக் கூலி எதில் தரப்படுகிறது என்று ஒரு வரியும் எழுதுவதில்லை. 'கிரெடிட்' என்றொரு சொல்லைப் போட்டுவிட்டு நகர்ந்துவிடுவார்கள். மந்திர உலகங்களில் இன்னும் எளிது. இடுப்பில் ஒரு பொற்காசுப் பை தொங்கினால் போதும். ரௌலிங்கின் ஹாரி பாட்டர் உலகில் ஒரு கேலியனுக்குப் 17 சிக்கிள், ஒரு சிக்கிளுக்கு 29 நட் என்று கணக்கு உண்டு. 1957க்கு முந்தைய ரூபாய், அணா, பைசாக் கணக்கைப் பெரியவர்கள் சொல்லிக் கேட்டிருந்த எங்களுக்கு அது வேடிக்கையாக இருந்ததே தவிர, அந்தக் காசு எங்கிருந்து வருகிறது, இல்லாதவன் என்ன ஆகிறான் என்ற கேள்விகளுக்கு அதில் விடை கிடைக்கவில்லை.

இக்கேள்விகள் வெறும் வாசக ஆர்வத்தால் எழுந்தவை அல்ல. எங்களுக்குள்ளேயே தீர்க்கப்படாத பணக்கணக்கு ஒன்று இருக்கிறது. அதைச் சொல்லாமல் இக்கட்டுரையை எழுத இயலாது.

2011இல் நாங்கள் ஐவர் சேர்ந்து ஒரு புத்தக நிதி தொடங்கினோம். வெளிநாட்டு நாவல்களின் விலை தனியொருவருக்குத் தாங்காது. ஆளுக்கு மாதம் 250 ரூபாய். வாங்கும் நூல்கள் அனைவருக்கும் பொது. நீல அட்டை போட்ட நாற்பது பக்க நோட்டு ஒன்றில் பெயர், மாதம், தொகை என்று கோடு போட்டுக் கணக்கு எழுதிவந்தோம். 2014இல் எங்களில் ஒருவருக்கு வேலை போயிற்று. எட்டு மாதங்கள் அவர் பெயருக்கு நேரே கட்டங்கள் காலியாக இருந்தன. நாங்கள் யாரும் கேட்கவில்லை. கேட்காமல் இருந்ததைப் பெருந்தன்மை என்றே அப்போது எண்ணியிருந்தோம்.

*

பணமில்லாத உலகைக் கற்பனை செய்வது புதிதல்ல. தாமஸ் மோர் 1516இல் எழுதிய 'உடோப்பியா'வில் பொன்னுக்கு மதிப்பே இல்லை. மலஜலப் பாத்திரங்களையும் அடிமைகளின் சங்கிலிகளையும் அங்கே பொன்னில் செய்கிறார்கள். பொன்னணிகள் பூண்டு வந்த அயல்நாட்டுத் தூதர்களை அம்மக்கள் அடிமைகள் என்று நினைத்து, எளிய உடையில் வந்த அவர்களுடைய பணியாட்களுக்கு வணக்கம் சொல்கிறார்கள். அங்கதம் கூர்மையானதுதான். ஆனால் பொன்னை இழிவுபடுத்திய மோர் அடிமையை விடுவிக்கவில்லை. சங்கிலியின் உலோகத்தை மட்டுமே மாற்றினார் என்பது இரண்டாம் வாசிப்பில்தான் எங்களுக்கு உறைத்தது.

1888இல் அமெரிக்கரான எட்வர்ட் பெல்லமி எழுதிய 'லுக்கிங் பேக்வர்ட்' நாவலில், 1887இல் உறங்கிய ஜூலியன் வெஸ்ட் 2000ஆம் ஆண்டின் பாஸ்டன் நகரில் கண்விழிக்கிறான். அங்கே நாணயம் கிடையாது. நாட்டின் ஆண்டு உற்பத்தியில் ஒவ்வொரு குடிமகனுக்கும் சமமான பங்கு. அதை எடுத்துக்கொள்ள ஓர் அட்டை. அதற்குப் பெல்லமி இட்ட பெயர் 'கிரெடிட் கார்டு'. சமத்துவத்தின் கருவியாக அவர் கனவு கண்ட சொல், பின்னர் வட்டிக்கடனின் பெயராகிப் போனது. புனைகதை எதிர்காலத்தைச் சரியாகச் சொல்லிவிடுவதாகப் புகழ்வோர் இந்த ஓர் எடுத்துக்காட்டையேனும் நினைவில் வைத்துக்கொள்ளலாம். சொல் வந்து சேர்ந்தது. பொருள் வழியிலேயே இறங்கிவிட்டது.

*

எங்களை உண்மையில் அசைத்த நூல் அர்சுலா லெ குவினின் 'தி டிஸ்பொஸஸ்ட்' (1974). 2015இன் தொடக்கத்தில் அதை வாசித்தோம்.

உர்ராஸ், அனர்ரெஸ் என இரண்டு உலகங்கள். ஒன்றின் வானில் மற்றது நிலவு. உர்ராஸ் வளமானது; அங்கே சொத்தும் சந்தையும் அரசுகளும் உள்ளன. ஓடோ என்ற பெண்ணின் சிந்தனையைப் பின்பற்றிய கலகக்காரர்கள் வறண்ட அனர்ரெஸில் குடியேறி, அரசும் பணமும் இல்லாத ஒரு சமூகத்தைக் கட்டி ஏறத்தாழ இரண்டு நூற்றாண்டுகள் ஆகின்றன. அங்கே உணவு பொதுக்கூடத்தில் கிடைக்கும். உடை கிடங்கில் கிடைக்கும். எங்கே எந்த வேலைக்கு ஆள் தேவை என்று ஓர் அலுவலகம் பட்டியலிடும். செல்வதும் மறுப்பதும் அவரவர் விருப்பம். மொழியும் அதற்கேற்ப மாறியிருக்கிறது. ஒரு சிறுமி தன் கைக்குட்டையை நீட்டும்போது 'என்னுடைய' என்று சொல்வதில்லை. தான் பயன்படுத்துகிற கைக்குட்டை என்கிறாள்.

அனர்ரெஸின் இயற்பியலாளனான ஷெவெக் உர்ராஸுக்கு வருகிறான். பெரிய கடைத்தெரு ஒன்றுக்கு அவனை அழைத்துச் செல்கிறார்கள். விளக்கொளியில் அடுக்கியிருக்கும் பொருள்களின் பெருக்கம் அவனை மகிழ்விக்கவில்லை, அச்சுறுத்துகிறது. அத்தனை பொருள்களில் ஒன்றுகூட அவ்விடத்தில் செய்யப்படவில்லை. செய்தவர்கள் எங்கே? தெருவெங்கும் விற்பவர்களும் வாங்குபவர்களும் மட்டுமே தென்படுகிறார்கள். சந்தையைப் பற்றிய நூறு பக்க விமரிசனத்தை இந்த ஒரே காட்சி செய்துவிடுகிறது.

லெ குவினின் நேர்மை, தாம் படைத்த நல்லுலகையும் அதே கண்ணால் பார்ப்பதில் இருக்கிறது. அனர்ரெஸில் பணம் இல்லை. ஆனால் சபுல் இருக்கிறான். மூத்த இயற்பியலாளனான அவனைக் கடந்து எந்தக் கட்டுரையும் அச்சேறாது. ஷெவெக்கின் நூல் வெளிவர வேண்டுமென்றால் அதில் சபுலின் பெயரும் இடம்பெற வேண்டும். காசு இல்லாத இடத்தில் கௌரவம் காசாகிவிடுகிறது. அதையும் பதுக்கலாம், அதற்கும் வட்டி வாங்கலாம். பின்னர் நான்காண்டு வறட்சி வருகிறது. பசித்த பயணிகளோடு நின்றுவிட்ட ரயிலுக்கு வழியிலிருந்த சிற்றூர் உணவு தர மறுக்கிறது. யாருக்கு எவ்வளவு பங்கீடு என்று பட்டியல் போடும் வேலை ஷெவெக்குக்கு வருகிறது. பட்டியல் போடுவது யாரைப் பட்டினி போடுவது என்று முடிவெடுப்பதுதான் என்பதை உணர்ந்து அவன் விலகுகிறான். ஆனால் அந்த நாற்காலி காலியாக இருப்பதில்லை.

நாவலை முடித்த மாலையில் எங்களுக்கு ஏற்பட்ட உணர்வெழுச்சியை இப்போது எண்ணினால் சற்றுக் கூச்சமாக இருக்கிறது. அந்த நீல நோட்டை மூடிவைத்துவிட்டோம். இனிக் கணக்கு வேண்டாம். முடிந்தவர் முடிந்ததைப் போடட்டும், வேண்டியவர் வேண்டியதை எடுத்துக்கொள்ளட்டும் என்று தீர்மானித்தோம். வேலையிழந்த நண்பரும் அன்று அங்கே இருந்தார். ஒன்றும் சொல்லவில்லை. புன்னகைத்தார் என்று எங்களில் இருவருக்கு நினைவு. இல்லை என்று மற்ற இருவருக்கு.

*

நோட்டை மூடிய பிறகு நடந்தது என்ன? கணக்கு ஒழியவில்லை; தாளிலிருந்து தலைக்குள் இடம்பெயர்ந்தது. போன மாதம் அதிகம் போட்டவர் யார் என்பது எல்லோருக்கும் தெரிந்திருந்தது. அதிகம் போட்டவரின் விருப்பப்படி அடுத்த நூல் வாங்கப்பட்டது. நோட்டு இருந்தவரை 250 ரூபாய் கட்டியவனுக்கு அதோடு பொறுப்பு முடிந்தது. நோட்டு போனபின் எவ்வளவு போட்டாலும் போதுமா என்ற ஐயம் தீரவில்லை.

கோரி டாக்டரோவ் 2003இல் எழுதிய 'டவுன் அண்ட் அவுட் இன் தி மேஜிக் கிங்டம்' நாவலில் 'வஃபி' என்றொரு செலாவணி வருகிறது. சாவும் பற்றாக்குறையும் ஒழிந்துவிட்ட அவ்வுலகில், பிறர் ஒருவர்மீது வைத்திருக்கும் மதிப்பே அவருடைய செல்வம். யாரிடம் எவ்வளவு இருக்கிறது என்பதை யாரும் பார்த்த மாத்திரத்தில் அறியலாம். கதைசொல்லி தன் வஃபி முழுவதையும் இழக்கும்போது ஏற்படும் அவமானம் எந்த ஏழ்மைக்கும் குறைந்ததல்ல. இக்கருத்தை அமெரிக்க விமரிசகர்கள் இணைய யுகத்தோடு பொருத்திப் பேசினார்கள். எங்களுக்கோ மொய் நோட்டு நினைவுக்கு வந்தது. கல்யாண வீட்டு வாசலில் மேசை போட்டு, ஊரும் பெயரும் தொகையும் எழுதி வைக்கும் அந்த நோட்டு அன்பளிப்பின் பதிவா, கடன் பத்திரமா? இரண்டும்தான். வாங்கியவர் திருப்பிச் செய்ய வேண்டும்; அதே தொகையைச் செய்தால் உறவு முறிகிறது என்று பொருள்படும் ஊர்களும் உண்டு; கொஞ்சம் கூட்டிச் செய்தால்தான் உறவு தொடரும். கடன் தீராமல் இருப்பதே அங்கே உறவு நீடிப்பதற்கான வழி.

தமிழில் 'கடன்' என்ற சொல் பட்ட பாக்கியையும் குறிக்கும். செய்தே தீர வேண்டிய கடமையையும் குறிக்கும். 'நாணயம்' என்பது காசும் ஆகும், நேர்மையும் ஆகும். நம் மொழி இவ்விரண்டையும் பிரித்துவைக்க மறுத்திருப்பது தற்செயல் என்று எங்களுக்குத் தோன்றவில்லை.

நண்பர் வருவது குறைந்தது. 2016இன் நடுவில் வேறு ஊரில் வேலை கிடைத்துக் குடிபெயர்ந்தார். புறப்படும் முன் தம்மிடமிருந்த ஆறு நூல்களை ஒரு துணிப்பையில் போட்டு எங்களில் ஒருவர் வீட்டில் கொடுத்துவிட்டுப் போனார். பையைப் பிரித்து நூல்களை அப்படியே அலமாரியில் அடுக்கினோம்.

*

பிராட்செட்டும் ஆடம்ஸும் நகைச்சுவை எழுத்தாளர்கள் என்று அறியப்பட்டவர்கள். பணத்தின் இயல்பை இவர்கள் அளவுக்குத் தெளிவாகச் சொன்ன கனமான நாவலாசிரியர்கள் குறைவு.

டக்ளஸ் ஆடம்ஸின் 'தி ரெஸ்டாரண்ட் அட் தி எண்ட் ஆஃப் தி யுனிவர்ஸ்' (1980) நாவலில், தம் கிரகத்திலிருந்து உபயோகமற்றவர்கள் என்று கப்பலேற்றி அனுப்பப்பட்ட கூட்டம் ஒன்று பழங்காலப் பூமியில் வந்து விழுகிறது. அவர்கள் மர இலையைச் சட்டப்படியான பணமாக அறிவிக்கிறார்கள். எல்லோரும் ஒரே நாளில் கோடீசுவரர்கள். விளைவு, கப்பலில் மிஞ்சிய ஒரு வேர்க்கடலையின் விலை மூன்று காடுகள். இலையின் மதிப்பை உயர்த்த அவர்கள் கண்ட வழி, காடுகளைக் கொளுத்திவிடுவது. பணவீக்கம் பற்றி இதைவிடச் சுருக்கமான பாடம் இருக்குமா என்று தெரியவில்லை.

டெரி பிராட்செட்டின் 'மேக்கிங் மனி' (2007) இன்னும் ஆழமானது. தூக்குமேடையிலிருந்து காப்பாற்றப்பட்ட மோசடிக்காரனான மாய்ஸ்ட் வான் லிப்விக்கிடம், முதலில் அஞ்சல் துறையும் பிறகு ஆங்க்-மார்போர்க் நகரின் வங்கியும் நாணயச்சாலையும் ஒப்படைக்கப்படுகின்றன. நாணயச்சாலையிலோ ஒரு பென்னியை அச்சிட ஒரு பென்னிக்கு மேல் செலவாகிறது. தான் வெளியிட்ட அஞ்சல்தலைகளை மக்கள் காசுபோலக் கைமாற்றுவதைக் கவனிக்கும் மாய்ஸ்ட் காகிதப் பணத்தைக் கொண்டுவருகிறான். பெட்டகத்தில் இருக்க வேண்டிய பொன் அங்கே இல்லை என்பதும் வெளிப்படுகிறது. ஆயினும் நகரம் நின்றுவிடுவதில்லை. நகரத்தின் உழைப்பும் நம்பிக்கையுமே பணம். பொன் அதற்கொரு சாக்கு. இதைச் சொல்வதற்கு ஒரு மோசடிக்காரனைப் பிராட்செட் தேர்ந்தெடுத்ததில் அவருடைய குறும்பு மட்டுமல்ல, அறிவும் தெரிகிறது. நம்பிக்கை எப்படி உண்டாக்கப்படுகிறது என்பது அவனுக்குத்தானே நன்றாகத் தெரியும்? அவ்வங்கியின் நிலவறையில், நகரின் பொருளாதாரத்தைக் கண்ணாடிக் குழாய்களில் ஓடும் நீரால் காட்டுகிற எந்திரம் ஒன்றும் உண்டு. அது முழுக் கற்பனை அல்ல. நியூசிலாந்துக்காரரான பில் பிலிப்ஸ் 1949இல் லண்டன் பொருளாதாரப் பள்ளியில் அத்தகைய ஒன்றைச் செய்து காட்டியிருக்கிறார்.

இந்நாவலை நாங்கள் முதலில் வாசித்தபோது சிரித்தோம். 2016 நவம்பர் 8ஆம் தேதி இரவு வரை அது நகைச்சுவை நாவலாகவே இருந்தது.

அன்று நள்ளிரவு முதல் 500, 1000 ரூபாய் நோட்டுகள் செல்லாது என்று அறிவிக்கப்பட்டது. புழக்கத்தில் இருந்த பணத்தின் மதிப்பில் ஏறத்தாழ 86 விழுக்காடு. எங்களில் ஒருவர் வங்கிக் கவுண்டரில் பணிபுரிபவர். அந்த ஏழு வாரங்களில் தாம் கண்டவற்றை அவர் இன்றுவரை முழுமையாகச் சொன்னதில்லை. அரிசிப் பானையில் வைத்திருந்து தவிட்டு மணம் ஏறிய நோட்டுகளை நீட்டிய மூதாட்டி ஒருவர், அன்றைய வரம்பு முடிந்துவிட்டது என்று சொன்னபோது சண்டை போடவில்லையாம். இது கவர்ன்மெண்ட் காசுதானே ஐயா என்று மட்டும் கேட்டாராம். அத்தொகையைத் தருவதாக ரிசர்வ் வங்கி ஆளுநர் கையொப்பமிட்டு அளித்த வாக்குறுதி ஒவ்வொரு நோட்டிலும் அச்சிடப்பட்டிருக்கிறது. அதை வாசிக்கத் தெரியாமலே வாழ்நாள் முழுதும் நம்பியவர் அவர். புதிய 2000 ரூபாய் நோட்டின் அளவு வேறாக இருந்ததால் ஏடிஎம் எந்திரங்களைத் திருத்தியமைக்க வேண்டியிருந்தது. செல்லாதாக்கப்பட்ட நோட்டுகளில் 99 விழுக்காட்டுக்கு மேல் வங்கிக்குத் திரும்பிவிட்டன என்று 2018இல் ரிசர்வ் வங்கியே தெரிவித்தது. அந்த 2000 ரூபாய் நோட்டையும் புழக்கத்திலிருந்து திரும்பப் பெறுவதாக 2023 மே 19 அன்று அறிவிப்பு வந்தது. காட்டைக் கொளுத்தும் யோசனை ஆடம்ஸின் கற்பனையில் மட்டும் உதித்ததல்ல.

*

2011இல் வெளிவந்த 'இன் டைம்' திரைப்படத்தில் ஆயுளே செலாவணி. 25 வயதுக்குமேல் யாருக்கும் மூப்பில்லை. ஆனால் முன்கையில் ஒரு கடிகாரம் ஓடிக்கொண்டிருக்கும். அது பூச்சியமானால் மரணம். ஒரு காப்பியின் விலை 4 நிமிடம். ஒரு நாள் பேருந்துக் கட்டணம் 1 மணியிலிருந்து 2 மணியாக உயர்கிறது. கையில் அதைவிடக் குறைவாக வைத்திருக்கும் தாய் ஓடத் தொடங்குகிறாள். மகனின் கைகளை எட்டிய கணத்தில் சரிகிறாள். படம் மற்றபடி சாதாரணமானது. அந்த ஓட்டம் சாதாரணமானதல்ல. கட்டண உயர்வு என்ற அலுப்பூட்டும் செய்தி யாருடைய உடலில் போய் முடிகிறது என்பதை அது காட்டிவிடுகிறது. புதுமைப்பித்தனின் 'கடவுளும் கந்தசாமிப் பிள்ளையும்' (1943) கதையிலும் பத்திரிகைக்கு ஆயுள் சந்தா கேட்கும்போது ஆயுள் யாருடையது என்ற கேள்வி எழுகிறது. கடவுளிடம் கேட்கப்படுவதால் அங்கே அது சிரிப்பு. மனிதனிடம் கேட்கப்படுவதால் இங்கே சாவு.

சார்லஸ் ஸ்ட்ராஸின் 'நெப்டியூன்ஸ் ப்ரூட்' (2013) இதற்கு எதிர்த்திசையில் செல்கிறது. விண்மீன்களுக்கிடையே கைமாறும் 'மெதுவான பணம்' அதில் வருகிறது. ஒவ்வொரு பரிமாற்றத்துக்கும் தொலைதூர விண்மீன் ஒன்றிலிருந்து ஒப்புதல் வர வேண்டும். அதற்கே ஆண்டுகள் ஆகும். புதிய குடியேற்றங்கள் கடனோடுதான் பிறக்கின்றன. அதைத் தீர்க்க அவை இன்னொரு குடியேற்றத்தைக் கடனோடு பெற்றெடுக்கின்றன. கடன் வாங்கியவரும் கொடுத்தவரும் மறைந்தபின்னும் கடன் மட்டும் சென்றுகொண்டே இருக்கிறது.

இவற்றையெல்லாம் சேர்த்து வாசித்தபின் எங்களுக்குத் தோன்றியது இதுதான். ஒரு கற்பனை உலகின் பொருளியலை எடைபோட அங்கே காசு எந்த உலோகத்தால் ஆனது என்று கேட்கத் தேவையில்லை. கணக்கை யார் வைத்திருக்கிறார்கள், கொடுக்க முடியாதவன் என்ன ஆகிறான் என்ற இரண்டு கேள்விகள் போதும். லெ குவினுக்கு இவ்விரண்டும் தெரியும்; பிராட்செட்டுக்கும் தெரியும். எங்களுக்குத்தான் தெரியவில்லை.

*

2017 பிப்ரவரியில் 'டூன்' நாவலை மறுபடி வாசிக்கலாம் என்று அலமாரியிலிருந்து எடுத்தோம். மூலிகைப்பொடி போன்ற ஒரு போதைப்பொருளுக்காகப் பேரரசே போரிடும் கதை; 1965இல் வந்தது. புத்தகத்தின் நடுவே நான்கு 500 ரூபாய் நோட்டுகள் இருந்தன. பழையவை. கூடவே ஒரு துண்டுத் தாள்; அதில் நண்பரின் சிறிய, சாய்ந்த கையெழுத்தில் ஒரு பெருக்கல்: 8 × 250 = 2000.

வங்கிகளில் செலுத்துவதற்கான கெடு 2016 டிசம்பர் 30உடன் முடிந்திருந்தது.

நெடுநேரம் ஒருவரும் பேசவில்லை. நோட்டை மூடிவிட்டதாக நாங்கள் பெருமைப்பட்டுக்கொண்டிருந்த காலம் முழுவதும் அவர் அதைத் தம்மிடம் வைத்து எழுதிவந்திருக்கிறார். கணக்கை ஒழித்தது எங்கள் சுமையைத்தான் குறைத்தது, அவருடையதை அல்ல. கொடுக்க இயலாதவரிடம் கணக்கே இல்லை என்று அறிவிப்பது, தீர்ப்பதற்கான வழியையும் சேர்த்து அடைப்பது என்பதை நாங்கள் உணரவில்லை. கையில் கொடுத்தால் மறுப்போம் என்று தெரிந்துதான் புத்தகத்துக்குள் வைத்திருக்கிறார். பையைப் பெற்ற அன்றே யாரேனும் ஒருவர் அப்புத்தகத்தைப் புரட்டியிருந்தால் போதும். அந்நான்கு நோட்டுகளும் அன்று உயிரோடிருந்தன.

அவரிடம் சொல்லலாமா என்று அன்றே விவாதித்தோம். சொன்னால் மறுநாளே இன்னொரு 2000 அனுப்புவார். அவர் நாணயம் அப்படிப்பட்டது. எனவே வேண்டாம் என்று முடிவு செய்தோம். வங்கி நண்பர் மட்டும் உடன்படவில்லை. வாக்குறுதியை மீறியது அவருமல்ல, நாமுமல்ல. இருந்தும் நாம் மறைப்பதால் அது நம்முடைய மீறலாகிறது என்றார். அப்போது அவர் சொன்னதை நாங்கள் ஏற்கவில்லை.

செல்லாத நோட்டுகளைப் பத்துக்கு மேல் வைத்திருந்தால் அபராதம் என்று 2017இல் ஒரு சட்டம் வந்தது. எங்களிடம் இருப்பவை நான்குதான். அவை அப்புத்தகத்திலேயே, அவர் வைத்த பக்கத்திலேயே இருக்கின்றன. துண்டுத் தாளும் இருக்கிறது.

இக்கட்டுரையை அவர் வாசிக்கக்கூடும். வாசித்தால், அந்த 2000 ரூபாய் எங்களுக்கு வந்து சேர்ந்துவிட்டது என்பதை அவர் அறிய வேண்டும். பணமாக அல்ல, ஆனால் வந்துவிட்டது. இனி அவர் எங்களுக்குத் தர வேண்டியது ஏதுமில்லை. நாங்கள் அவருக்குத் தர வேண்டியதை எந்த நோட்டில் எழுதுவதென்றுதான் தெரியவில்லை. அடுத்த கூட்டம் வழக்கம்போல் மாதத்தின் இரண்டாம் ஞாயிறு, அதே வீட்டு மாடியில்.